இண்டியம் நைட்ரைடு: 1.9 எலக்ட்ரான் வோல்ட் 0.7 ஆக இறங்கியது எப்படி

ஒரு குறைக்கடத்தியின் பட்டை இடைவெளி (கட்டுண்ட எலக்ட்ரான் இணைதிறன் பட்டையிலிருந்து கடத்தல் பட்டைக்கு ஏற வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) மறு அளவீட்டில் மாறினால் வழக்கமாக இரண்டாவது தசம இடத்தில்தான் மாறும். இண்டியம் நைட்ரைடு இதற்கு விலக்கு. காலியம் நைட்ரைடு, அலுமினியம் நைட்ரைடு ஆகியவற்றோடு ஒரே குடும்பம், அதே ஊர்ட்சைட் என்ற அறுகோணப் படிக அமைப்பு. இதன் இடைவெளி ஏறக்குறைய 1.9 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.) என்று பாடநூல்களும் தரவு அட்டவணைகளும் பல ஆண்டுகள் அச்சிட்டு வந்தன. 2002-இல் அது 0.7-க்கு இறங்கியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு!

இதில் கருவிக் கோளாறு எதுவும் இல்லை. உட்கவர் விளிம்பு, அதாவது படிகம் ஒளியை விழுங்கத் தொடங்கும் ஆற்றல், அளக்கும் எண். பட்டை இடைவெளி என்பது கணக்கிட்டுப் பெறும் எண். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் பல ஆய்வகங்களில் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பழைய வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1986-இன் படலம்

1.89 எ.வோ. என்ற எண்ணைத் தந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தான்ஸ்லியும் ஃபோலியும். 1986-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையில் படலம் ஆர்.எஃப். ஸ்பட்டரிங் (அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவிடும்) முறையில் படிய வைக்கப்பட்டது. பல சிறு படிகங்கள் சேர்ந்த பன்படிகப் படலம். அறை வெப்பநிலையில் ஒளி ஊடுருவலை அளந்து, உட்கவர் குணகத்தின் (ஒளி எவ்வளவு விரைவாக விழுங்கப்படுகிறது என்பதன் அளவு) வர்க்கத்தை ஃபோட்டான் ஆற்றலுக்கு எதிராக வரைந்து, நேர்கோட்டை அச்சுவரை நீட்டிப் பெற்ற மதிப்பு அது. எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.க்கு 10¹⁶ அளவில், நகர்திறன் (எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது) வோல்ட்-நொடிக்கு 2,700 சதுர செ.மீ. என்றும் சொன்னார்கள். அன்றைக்கு இவ்வளவு சுத்தமான இண்டியம் நைட்ரைடு வேறெங்கும் இல்லை. எனவே அந்த எண்ணே நின்றுவிட்டது.

யாரும் சந்தேகப்படாததற்குக் காரணங்கள் உண்டு. இண்டியம் ஆன்டிமனைடு 0.17, இண்டியம் ஆர்சனைடு 0.36, இண்டியம் பாஸ்பைடு 1.35 என்று மேலே ஏறும் வரிசையில் அடுத்த படியாக 1.9 அழகாகப் பொருந்தியது. காலியம் பக்கமும் இதே போக்குத்தான்: ஆர்சனைடு 1.42, பாஸ்பைடு 2.26, நைட்ரைடு 3.4. கோட்பாட்டுக் கணக்குகள் எதிர்ப்புச் சொல்லவில்லையா என்றால், சொல்லின. உள்ளூர் அடர்த்தித் தோராயம் (எல்.டி.ஏ.) என்ற கணக்கு முறை இண்டியம் நைட்ரைடுக்குச் சுழியை ஒட்டிய இடைவெளியைத் தந்தது. ஆனால் அந்தத் தோராயம் எல்லாப் பொருளுக்குமே இடைவெளியைக் குறைத்துத்தான் சொல்லும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் கணக்கின் எச்சரிக்கையைக் கணக்கின் குறையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நேரடி இடைவெளி கொண்ட படிகத்தில் லேசரைப் பாய்ச்சினால் இடைவெளிக்கு அருகில் ஒளிர்வு வர வேண்டும். 1.9-க்கு அருகில் நம்பத்தக்க ஒளிர்வு கிடைக்கவில்லை. படலத்தின் தரம் போதாது, குறைகள் ஒளிர்வை விழுங்கிவிடுகின்றன என்று சமாதானம் சொல்லப்பட்டது. 0.7-இல் யாரும் தேடவில்லை. தேடியிருந்தாலும் சிலிக்கான் டிடெக்டரோ வழக்கமான ஒளிப்பெருக்கிக் குழலோ அங்கே குருடு; சிலிக்கானின் பார்வை 1.1 மைக்ரோமீட்டரோடு முடிகிறது, 0.7 எ.வோ. என்பது 1.77 மைக்ரோமீட்டர்.

2002: மூன்று அளவீடுகள் ஒரே இடத்தில்

இண்டியம் நைட்ரைடை வளர்ப்பது சள்ளை பிடித்த வேலை. 500, 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிகம் நைட்ரஜனை விட்டுவிட்டு இண்டியம் துளிகளாகச் சிதையத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தாலோ அம்மோனியா சரியாக உடையாது, நைட்ரஜன் போதாது. மூலக்கூறுக் கற்றை முறையில் நைட்ரஜனைப் பிளாஸ்மாவாக்கி ஊட்டியபோதுதான் ஒற்றைப் படிகப் படலங்கள் கைகூடின. அப்போதும் கீழே உள்ள காலியம் நைட்ரைடு அடுக்கோடு அணிக்கோவை (அணுக்களின் அடுக்கு இடைவெளி) 11 சதவீதம் பொருந்தாமல் நின்றது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஐயோஃபே நிறுவனத்தின் தவிதோவ் குழு அத்தகைய படலங்களில் இடைவெளி 1 எ.வோ.க்கும் கீழே என்று 2002-இல் எழுதியது. அதே ஆண்டு பெர்க்கிலியில் வூ, வாலுகேவிச் ஆகியோர், கார்னெலிலும் ஜப்பானின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்திலும் தொடர்புள்ள வளர்ப்பாளர்களோடு சேர்ந்து, 0.7 முதல் 0.8 வரை என்றார்கள். மட்சுவோகா குழு ஆவிநிலை முறைப் படலங்களில் 0.7-க்கும் 1.0-க்கும் இடையே என்றது.

பெர்க்கிலிக் கட்டுரையின் பலம் அந்த எண்ணில் இல்லை. ஒரே படலத்தில் மூன்று வேறு அளவீடுகள் செய்தார்கள்: உட்கவர்தல், ஒளிர்வு, ஒளியால் அதிர்வூட்டிய எதிரொளிப்பு. மூன்றும் 0.77-ஐ ஒட்டியே வந்து நின்றன. 1 எ.வோ.விலேயே உட்கவர் குணகம் 10⁴ செ.மீ.⁻¹-ஐத் தாண்டியிருந்தது. 1.9, 2 பக்கம் எந்த அளவீட்டிலும் சிறு அசைவுகூட இல்லை. குறைகளால் வரும் உட்கவர்தல் இவ்வளவு வலுவாக இருக்காது. 10⁴ என்பது பட்டையிலிருந்து பட்டைக்கு நேரடியாகத் தாவும்போது வரும் அளவு.

நிரம்பிய இருக்கைகள்

அப்படியானால் பழைய படலங்கள் 1.2, 1.5, 1.9 என்று வெவ்வேறு எண்களைத் தந்தது ஏன்? பெரும்பாலானவற்றுக்கு விடை பர்ஸ்டீன்–மோஸ் பெயர்ச்சி. 1954-இல் இண்டியம் ஆன்டிமனைடை வைத்து விளக்கப்பட்ட பழைய சங்கதிதான். கேலரியில் கீழ் வரிசைகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருபவர் மேல் வரிசைக்கு ஏற வேண்டும். அவர் ஏறிய படிகளை எண்ணி, கேலரியே அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது என்று முடிவு கட்டினால் எப்படியோ அப்படி. கடத்தல் பட்டையின் அடி எலக்ட்ரான்களால் நிரம்பியிருந்தால், ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் மேல் எல்லைக்கு) மேலே கொண்டுபோய் விடும் ஆற்றல் உள்ள ஃபோட்டானைத்தான் படிகம் உட்கவரும். விளிம்பு மேலே நகரும், இடைவெளி நகரவில்லை.

எவ்வளவு நகரும் என்பதைக் கையாலேயே கணக்கிடலாம். பட்டையின் அடியில் எலக்ட்ரானின் பயனுறு நிறை (படிகத்துக்குள் அது காட்டும் நிறை) தனி எலக்ட்ரானின் 0.07 பங்கு. ஃபெர்மி அலை எண்ணுக்கு 3π² பெருக்கல் எலக்ட்ரான் அடர்த்தியின் கனமூலம். அடர்த்தி 10¹⁸ என்றால் கடத்தல் பட்டைக்குள் நிரப்பிய உயரம் சுமார் 0.05 எ.வோ. 10¹⁹-இல் 0.19. 10²⁰-இல் 0.6. 5×10²⁰-க்குப் போனால் 1.2, அதை 0.7-உடன் கூட்டினால் நம் பழைய 1.9 அப்படியே வந்து உட்காரும்.

இந்தக் கணக்கில் ஓர் இடத்தில் கால் இடறும். பட்டையைப் பரவளையமாக எடுத்துக்கொண்டால் 10²⁰-க்கு 0.6-க்குப் பதில் 1.1 வரும். இடைவெளி குறுகிய பொருளில் கடத்தல் பட்டையும் இணைதிறன் பட்டையும் ஒன்றையொன்று தள்ளுவதால் மேலே போகப்போகப் பட்டை சரிந்து நேர்கோட்டை ஒத்துவிடும். எலக்ட்ரானின் நிறையும் கூடும். நிரப்பிய உயரத்தை, ஒன்றோடு அந்த உயரத்தை இடைவெளியால் வகுத்ததைக் கூட்டி, அதனால் பெருக்கினால் பரவளைய மதிப்பு வர வேண்டும் என்ற எளிய கேன் வாய்பாட்டை வைத்தே மேலுள்ள எண்கள் போடப்பட்டவை. இதன்மேல் எலக்ட்ரான்களின் பரஸ்பர விளைவால் இடைவெளி கொஞ்சம் சுருங்குவதையும் கழிக்க வேண்டும். 10²⁰ பக்கம் அது ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986 படலத்துக்கு இந்த விளக்கம் மட்டும் போதாது. அதில் சொல்லப்பட்ட அடர்த்தி 10¹⁶. அதற்குப் பெயர்ச்சி ஏறக்குறைய சுழி. ஸ்பட்டரிங் படலங்களில் ஆக்சிஜன் கலப்பும் இண்டியம்–நைட்ரஜன் விகிதக் கோளாறும் சாதாரணம். இண்டியம் ஆக்சைடின் இடைவெளி மிக அகலம், கலந்தால் விளிம்பு மேலே போகும். அந்தப் படலத்தைப் பற்றிய வாதம் பல ஆண்டுகள் நடந்தது. ஆக, விளிம்பை மேலே தள்ளும் வழி ஒன்றல்ல. எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடைவது அரைகுறை வேலை.

படலத்தைக் கையில் எடுத்ததும்

முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். விளிம்பு உண்மையிலேயே 1.9-இல் இருக்கும் படலம் 650 நா.மீ.க்கு அப்பால் ஒளியை விடும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அடர்சிவப்பாகத் தெரியும். அரை மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்த, தரமான ஒற்றைப் படிகப் படலம் கறுப்புக் கண்ணாடி போல முகம் காட்டும், பின்னால் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் புள்ளிபுள்ளியாக மங்கியிருந்தால் மேலே இண்டியம் துளிகள் நிற்கின்றன. அவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக் கழுவிவிட்டு அளக்க வேண்டும்.

அடுத்து எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் (டிஃப்ராக்ஷன்). தாமிரக் கதிரில் இண்டியம் நைட்ரைடின் 0002 தளம் இரட்டைக் கோணம் 31.3 டிகிரியில் வரும். உலோக இண்டியத்தின் 101 தளம் 32.9-இல், இண்டியம் ஆக்சைடின் 222 தளம் 30.6-இல். மூன்றும் இரண்டரை டிகிரி இடைவெளிக்குள் அடுத்தடுத்து நிற்பதால் அவசர ஸ்கேனில் சிறு உச்சிகள் பெரிய உச்சியின் காலடியில் ஒளிந்துகொள்ளும். செங்குத்து அச்சை மடக்கை அளவில் வைத்து, இந்தப் பகுதியை மட்டும் மெதுவாக ஓட்டினால் தெரியும்.

தடிமன் விஷயத்தில் ஒரே படலம் எல்லாவற்றுக்கும் ஆகாது. உட்கவர் குணகம் 10⁴ இருக்கும் இடத்தில் 1.5 மைக்ரோமீட்டர் படலம் 22 சதவீத ஒளியை விடும். விளிம்பைப் பார்க்க அது நல்ல அளவு. ஆனால் குணகம் 4×10⁴-ஐத் தொடும்போது அதே படலத்தின் ஊடுருவல் 0.25 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். ஸ்பெக்ட்ரோமீட்டரின் சிதறல் ஒளி 0.1 சதவீதம் என்றால்கூட அங்கே அளப்பது படலத்தை மட்டுமல்ல, கருவியின் கசிவையும் சேர்த்துத்தான். குணகம் ஏறாமல் ஒரு மேடையில் நிற்பது போலத் தெரியும், அதைப் புதிய இயற்பியல் என்று எழுதியவர்களும் உண்டு. 0.5 மைக்ரோமீட்டரில் ஒன்று, 1.5-இல் ஒன்று என்று இரண்டு படலம் வைத்துக்கொண்டு, இரண்டின் வளைவுகளும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்ப்பதே சரி.

ஊடுருவலும் எதிரொளிப்பும்

இரண்டையும் அளக்க வேண்டும். ஊடுருவலை மட்டும் எடுத்து மடக்கை போட்டுவிடும் பழக்கம் இந்தப் பொருளில் நேராகப் பள்ளத்தில் தள்ளும். ஒளிவிலகல் எண் 2.9 என்று வைத்தால் முன்பக்கத்திலேயே 24 சதவீத ஒளி திரும்பிவிடும். இந்த இழப்பை உட்கவர்தலாகக் கணக்கிட்டால் 500 நா.மீ. படலத்தில் 5,400 செ.மீ.⁻¹ அளவுக்குப் பொய்யான குணகம் எங்கும் பரவிக் கிடக்கும், 100 நா.மீ. படலமென்றால் 27,000. விளிம்புக்குக் கீழே உள்ள உண்மையான வால் அந்தப் பொய்க்குள் மூழ்கிப்போகும்.

ஊடுருவலை, ஒன்றிலிருந்து எதிரொளிப்பைக் கழித்த மதிப்பால் வகுத்து, அதன் தலைகீழின் மடக்கையைத் தடிமனால் வகுப்பதே நடைமுறை வழி. இதில் இன்னொரு லாபம்: குறுக்கீட்டு அலைகள் (படலத்தின் இரு முகங்களிலும் திரும்பும் ஒளி கலப்பதால் வரும் ஏற்ற இறக்கம்) ஊடுருவலிலும் எதிரொளிப்பிலும் எதிரெதிராக ஆடுவதால் வகுக்கும்போது பெருமளவு அடங்கிவிடும். இரண்டு அளவீடும் படலத்தின் ஒரே இடத்தில், ஒரே அளவு ஒளிப்புள்ளியில் எடுத்திருந்தால்தான் இது பலிக்கும். தகட்டின் நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றும் எடுத்தால் தடிமன் வேறுபாட்டால் அலைகள் இடம் மாறி, வகுத்தபின் முன்பைவிட மோசமாகும்.

அந்த அலைகளைத் தொலைப்பதற்கு முன் தடிமனைக் கறந்துகொள்ளலாம். அடுத்தடுத்த இரு ஊடுருவல் உச்சிகள் 2.900, 2.175 மைக்ரோமீட்டரில் வந்தால், இரண்டின் பெருக்கலை, ஒளிவிலகல் எண்ணின் இருமடங்கையும் இரண்டின் வித்தியாசத்தையும் பெருக்கியதால் வகுக்க 1.5 மைக்ரோமீட்டர் கிடைக்கும். இண்டியம் நைட்ரைடு தெளிவாக இருக்கும் ஜன்னல் குறுகியது. ஒரு பக்கம் 1.8 மைக்ரோமீட்டரில் விளிம்பு. மறுபக்கம் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியை விழுங்கத் தொடங்கும். அடர்த்தி 10²⁰ உள்ள படலத்தில் பிளாஸ்மா விளிம்பே (எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பியடிக்கத் தொடங்கும் இடம்) 3 மைக்ரோமீட்டர் அருகே வந்துவிடும். அங்கே ஒளிவிலகல் எண் மாறிலியாக இருக்காது, இந்த வாய்பாடும் பொய் சொல்லும். அத்தகைய படலத்தின் தடிமனைக் குறுக்குவெட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.

சஃபையர் தகடு இருபுறமும் மெருகிட்டதாக இருக்கட்டும். ஒருபுற மெருகுத் தகடு மலிவுதான். ஆனால் சொரசொரப்பான பின்பக்கம் ஒளியைச் சிதறடிக்கும், அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும், சாய்ந்த ஒரு பின்னணி விளிம்பின்மேல் ஏறி உட்காரும். வேறு வழியில்லை என்றால் ஒருங்கிணைப்புக் கோளத்தை வைத்து அளக்கலாம்.

வணிக ஸ்பெக்ட்ரோமீட்டர்களில் 800–900 நா.மீ. பக்கம் டிடெக்டரும் கீற்றணியும் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் தகடு) மாறும்; அங்கே ஊடுருவலில் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று ஒரு படி விழும். பெரிய ஊடுருவலில் இது உறுத்தாது. ஊடுருவல் 2 சதவீதமாக இருக்கும் இடத்தில் அதே படி ஒரு பொய் விளிம்பைக் கட்டிவிடும். வேண்டாத இடமாக அது 1.4–1.5 எ.வோ.வில், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நடுவில் விழுகிறது.

எலக்ட்ரானை எண்ணாமல் விளிம்பைச் சொல்லாதே

ஒவ்வொரு படலத்துக்கும் ஹால் அளவீடு (காந்தப்புலத்தில் வைத்து எலக்ட்ரான் அடர்த்தியை அளப்பது) கட்டாயம். நான்கு மூலையிலும் இண்டியம் பொட்டு வைத்தால் போதும், ஓமிக் தொடுகை (மின்னோட்டத்தை இரு திசையிலும் தடையின்றி விடும் இணைப்பு) தானாக அமைந்துவிடும். அவ்வளவு எளிதாக அமைவதே ஓர் எச்சரிக்கை: இந்தப் படிகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் இயல்பாகவே தேங்கி நிற்கின்றன, சதுர செ.மீ.க்கு 10¹³ அளவில். ஹால் அளவீடு மேற்பரப்பு, உள்ளுடல், அடியில் உள்ள இணைப்பு அடுக்கு மூன்றையும் சேர்த்தே எண்ணும்.

எடுத்துக்காட்டாக ஒரே நிலைமையில் வளர்த்த 0.5, 1.0, 1.5 மைக்ரோமீட்டர் படலங்களில் பரப்பு அடர்த்தி முறையே 5×10¹³, 7.5×10¹³, 10¹⁴ என்று வருவதாகக் கொள்வோம். முதல் படலத்தை மட்டும் தடிமனால் வகுத்தால் கன செ.மீ.க்கு 10¹⁸. மூன்றையும் தடிமனுக்கு எதிராக வரைந்தால் சாய்வு 5×10¹⁷. அதுதான் உள்ளுடலின் அடர்த்தி. கோடு செங்குத்து அச்சை வெட்டும் 2.5×10¹³ மேற்பரப்புக்கும் அடியடுக்குக்கும் சேர வேண்டியது. ஒற்றைப் படல முடிவு இருமடங்கு தவறு. ஒளி பார்ப்பது பெரும்பாலும் உள்ளுடலை என்பதால் பெயர்ச்சிக் கணக்கில் போட வேண்டியது சாய்விலிருந்து வந்த எண்.

ஒளிர்வு: பொய் உச்சிகளின் சந்தை

லேபில் சுருக்கமாக பி.எல். (ஃபோட்டோலூமினெசன்ஸ்) என்பார்கள். 532 நா.மீ. லேசர், மோனோக்ரோமேட்டர், டிடெக்டர், லாக்-இன் ஆம்ப்ளிஃபயர். சாப்பரை (ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல் தட்டை; அதன் துடிப்போடு வரும் சிக்னலை மட்டும் லாக்-இன் எடுத்துக்கொள்ளும்) லேசர் பாதையில் வையுங்கள்; படலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவில் வைத்தால் அறையின் வெப்பக் கதிர்வீச்சும் சேர்ந்து துடித்து, 2 மைக்ரோமீட்டர் பக்கம் சிக்னலாக வந்து நிற்கும்.

சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் 1.7 மைக்ரோமீட்டரில், அதாவது 0.73 எ.வோ.வில் விழுந்துவிடும். 0.68-இல் உச்சி உள்ள ஒளிர்வை இதில் அளந்தால் இடப்பக்கம் வெட்டுண்டு, 0.74–0.75-இல் அழகான ஒரு போலி உச்சி கிடைக்கும். டிடெக்டரைக் குளிர்வித்தால் இரைச்சல் குறையும். கூடவே வெட்டும் இடம் இன்னும் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்து நிலைமை மோசமாகும். நீட்டித்த வகை டிடெக்டரோ ஈய சல்பைடோதான் இங்கே உதவும். அளந்த வளைவை, தரப்படுத்திய டங்ஸ்டன் விளக்கின் வளைவால் திருத்தாமல் உச்சியின் இடத்தைச் சொல்லக் கூடாது.

கீற்றணியின் உயர்வரிசைகள் அடுத்த தொல்லை: ஓர் அலைநீளம் அதன் இரண்டு, மூன்று மடங்கு இடத்திலும் தோன்றும். 532-இன் மூன்றாம் வரிசை 1,596 நா.மீ.யில் ஊசி போல நிற்கும். சஃபையரில் கலந்துள்ள குரோமியம் 694 நா.மீ.யில் சிவப்பாக ஒளிரும்; அதன் இரண்டாம் வரிசை 1,388. இருபுறமும் மெருகிட்ட சிலிக்கான் தகடு ஒன்றை மோனோக்ரோமேட்டரின் வாசலில் வைத்தால் 1.1 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் நின்றுவிடும். கடையில் வாங்கும் ஃபில்டருக்கு இது சளைத்ததல்ல.

நீராவிதான் பலரை ஏமாற்றியது. காற்றில் உள்ள நீராவி 1.38 மைக்ரோமீட்டரிலும் 1.87-ஐ ஒட்டியும் ஒளியை உட்கவரும். 1.87 என்பது 0.66 எ.வோ.; இண்டியம் நைட்ரைடு ஒளிர்வின் மடியிலேயே பள்ளம் தோண்டும். ஒரே அகன்ற உச்சி இரண்டாகப் பிளந்தது போலத் தெரியும், ஒன்றுக்கு ‘பட்டை’ என்றும் மற்றொன்றுக்கு ‘மாசு’ என்றும் பெயர் வைத்துவிடத் தோன்றும். மழைநாளில் பள்ளம் ஆழமாகி, வெயில்நாளில் தூர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ஒளிப்பாதை முழுவதையும் பெட்டிக்குள் அடைத்து உலர் நைட்ரஜனைப் பாய்ச்ச வேண்டும்.

அலைநீளத்திலிருந்து ஆற்றலுக்கு மாற்றும்போது செறிவை அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்குவதும் மறந்துபோகும் வேலை. குறுகிய உச்சிக்கு வித்தியாசம் தெரியாது. மாசு மிகுந்த படலத்தின் அகன்ற உச்சி இடம் பெயர்ந்தே தீரும்.

நேர்கோட்டின் மயக்கம்

டௌக் வரைபடம் என்று பொதுவாகச் சொல்லப்படும், வர்க்கத்தை வரைந்து கோட்டை நீட்டும் முறை, கடத்தல் பட்டை காலியாக இருக்கும் படிகத்துக்கே பொருந்தும். எலக்ட்ரான் நிறைந்த படலத்திலும் வளைவில் ஏதோ ஒரு துண்டு நேராகத்தான் தெரியும். ஸ்கேலை வைத்தால் கோடும் விழும், எண்ணும் வரும். அந்த எண் நிரம்பிய மட்டத்தின் உயரத்தையும் வெப்பத்தால் கலைந்த ஃபெர்மி விளிம்பையும் கலந்து கட்டியது. படலத்தில் மடங்கு மடங்காக மாசு ஏற்றிக்கொண்டே போனாலும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நேர்கோட்டைக் கொடுத்துவிடும் என்பதே இந்த முறையின் ஆபத்து.

மாற்று வழி, விளிம்பை ஒரு எஸ் வடிவ வளைவாகப் பொருத்தி, அதன் நடுப்புள்ளியையும் அகலத்தையும் தனித்தனியே எழுதுவது. பிறகு 10¹⁷-இலிருந்து 10²⁰ வரை பல அடர்த்திகளில் படலங்களை எடுத்து, விளிம்பையும் ஒளிர்வு உச்சியையும் அடர்த்திக்கு எதிராக ஒரே தாளில் வரைய வேண்டும். அடர்த்தி மிகுந்த பக்கம் விளிம்பு வேகமாக ஏறும். ஒளிர்வு மெதுவாக ஏறும், ஏனென்றால் ஒளிர்வுக்குப் பட்டையின் அடிப்பக்க எலக்ட்ரான்களும் பங்களிக்கும். அடர்த்தி குறையக் குறைய இரண்டும் நெருங்கி ஒரு புள்ளியில் கூடும். அந்தச் சங்கமமே இடைவெளி. பெர்க்கிலிக் குழு 3.5×10¹⁷-இலிருந்து 4.5×10²⁰ வரையுள்ள படலங்களை இப்படி அடுக்கியபோது, பழைய கட்டுரைகளின் பல எண்கள் தாமாகவே அந்த ஒரே வளைவின்மேல் போய் அமர்ந்தன. விவாதம் பெருமளவு தணிந்தது அந்த வரைபடத்தால்தான்.

முற்றாக அடங்கிவிடவில்லை. 2004-இல் ஷூபினாவும் உடன் ஆய்வாளர்களும், படலத்துக்குள் புதைந்த இண்டியம் நுண்துகள்களின் மீ ஒத்ததிர்வே (நுண்துகள் தனக்கேற்ற அலைநீள ஒளியை வலுவாக விழுங்கிச் சிதறடிப்பது) அகச்சிவப்பு உட்கவர்தலுக்கும் ஒளிர்வுக்கும் காரணமாகலாம் என்று எழுதினார்கள். துகள் உள்ள படலத்தில் இது மறுக்க முடியாத விளைவு. முன்பு சொன்ன 32.9 டிகிரி உச்சியைத் தேடச் சொன்னதும் அதனால்தான். ஆனால் உலோக இண்டியம் அகப்படாத படலங்களிலும் 0.7 அப்படியே நின்றது. இன்று அறை வெப்பநிலைக்கு 0.65-க்கும் 0.7-க்கும் இடையே என்பதே பொதுவான ஏற்பு.

கலவையில் தெரியும் வித்தியாசம்

இந்தத் திருத்தம் நீல ஒளி எல்.இ.டி.க்குள் இருக்கும் இண்டியம் காலியம் நைட்ரைடு கலவையின் கணக்கையும் புரட்டியது. 450 நா.மீ. என்பது 2.755 எ.வோ. காலியம் முனையில் 3.4, இண்டியம் முனையில் 1.9 என்று வைத்து நேர்கோடு போட்டால் இதற்கு 43 சதவீத இண்டியம் வேண்டும். அவ்வளவு இண்டியத்தை ஒழுங்காகக் கலப்பதே கடினம். எக்ஸ்-கதிரில் அளந்த அளவோ இதற்கு வெகு கீழே இருந்தது. இரண்டையும் ஒட்டவைக்கப் பெரிய பெரிய வளைவு எண்களை (கலவையின் இடைவெளி நேர்கோட்டிலிருந்து விலகும் அளவு) செருக வேண்டியிருந்தது, அவையும் ஆளுக்கொன்றாக இருந்தன. இண்டியம் முனையை 0.7-க்கு இறக்கி, 2002-இல் கிடைத்த 1.43 என்ற ஒற்றை வளைவு எண்ணைப் போட்டால், திரிபையும் (படிகம் இழுபட்டிருப்பது) குவாண்டம் அடைப்பையும் (மெல்லிய அடுக்கில் எலக்ட்ரான் அடைபடுவது) விட்டுவிட்ட கணக்கிலேயே 16.6 சதவீதம் வருகிறது.